மாமன் மாலையும் இரட்டைக்குழல் துப்பாக்கியும்

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் ஊரில் மற்றவர்களுக்குக் கொடி, கரைவேட்டி ஞாபகம் வரும். எனக்குத் துப்பாக்கி ஞாபகம் வரும். லைசென்ஸ் உள்ளவர்கள் எல்லோரும் அதைக் கொண்டுபோய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், ஓட்டு எண்ணி முடித்த பிறகு போய்த் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். மாயவரம் பக்கத்துக் குத்தாலத்தை ஒட்டின எங்கள் கிராமத்தில் துப்பாக்கி இருப்பது ஒரே ஒரு வீட்டில். அது என் வீடு. லைசென்ஸும் என் பேரில்தான்.

அப்பா வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி அது. பயிர்ப் பாதுகாப்புக்கென்று வாங்கினது. அவர் போன பிறகு தம்பி அமெரிக்காவில் இருந்தான், தங்கை கல்யாணமாகி மாயவரத்தில் இருந்தாள், நிலத்தோடு நின்றது நான். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. கொள்ளிடக் கரைப் பக்கமிருந்து காட்டுப்பன்றி வந்து உளுந்தை உழுதுவிட்டுப் போகும். பன்றியைச் சுடக் கூடாது, அதற்கு வேறு சட்டம். வானத்தைப் பார்த்து ஒரு வெடி போட்டால் போதும், ஒரு வாரத்துக்கு அந்தப் பக்கம் தலை வைக்காது. லைசென்ஸை என் பேருக்கு மாற்ற விசாரணைக்கு வந்த அதிகாரி, "பொம்பளைக்கு எதுக்குங்க துப்பாக்கி?" என்று கேட்டார். "பன்னிக்கு ஆம்பளை பொம்பளை தெரியாதுங்க" என்றேன். அவர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டு போனார்.

தம்பி இருக்கும் ஊரில் இடுப்பில் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு கடைக்குப் போய்ப் பால் வாங்குகிறார்களாம். "கார்லயும் வச்சுக்கலாம் அக்கா, யாரும் கேக்க மாட்டாங்க. ஆனா ரெண்டு மாநிலம் தள்ளிப் போனா அதுவே கேஸ் ஆயிடும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம்" என்பான். எனக்குச் சிரிப்புதான் வரும். இங்கே நான் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைத்தெருவில் நடந்தால் அன்று மாலையே லைசென்ஸ் போய்விடும். பொது இடத்தில் உறைக்குள்ளே இருக்க வேண்டும். குழலில் தோட்டா இருக்கக் கூடாது. லைசென்ஸ் கூடவே இருக்க வேண்டும். வண்டியில் போனாலும், பஸ்ஸில் போனாலும், நடந்து போனாலும் அதே கதைதான். கல்யாணம், கோயில் திருவிழா, கட்சிக் கூட்டம், எதற்கும் கொண்டு போகக் கூடாது. இதெல்லாம் எனக்குத் தலைகீழாகப் பாடம். ஒரு நாளும் மீறினது இல்லை.

அந்தச் சித்திரையில் தேர்தலும் வந்தது, தங்கை மகளின் கல்யாணமும் வந்தது. உளுந்து அறுவடை முடிகிற வரைக்கும் துப்பாக்கியை விட எனக்கு மனசில்லை. கடைசியில் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. "அம்மா, நாளைக்குக் கடைசி நாள். மதியத்துக்குள்ள வந்துடுங்க. லைசென்ஸ் யார் பேர்ல இருக்கோ அவங்களே வரணும்." அந்த நாளைதான் முகூர்த்தம். பரவாயில்லை, ஸ்டேஷன் போகிற வழியில்தான் இருக்கிறது, காலையில் கொடுத்துவிட்டு அப்படியே மாயவரம் மண்டபத்துக்குப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். கணக்கில் தப்பே இல்லை. அத்தையைத்தான் கணக்கில் சேர்க்காமல் விட்டேன்.

கல்யாணத்தில் எனக்கு இருந்த வேலை சாதாரண வேலை இல்லை. எங்கள் வழக்கத்தில் தாய்மாமன் கொண்டுவரும் மாலையைப் போட்டுத்தான் பெண்ணை மணையில் உட்கார வைப்பார்கள். தம்பிக்கு விசா சிக்கல், வர முடியவில்லை. "எனக்குப் பதிலா அக்கா செய்யட்டும்" என்றான். அவ்வளவுதான், சம்பந்தி வீட்டிலும் எங்கள் பங்காளிகளிலும் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். பொம்பளை எப்படி மாமன் முறை செய்வது, அதுவும் கல்யாணமே ஆகாதவள் கையால் மாலையா என்று. எனக்கு வந்ததே கோபம்! "எங்க அப்பா நிலத்தை நான் உழறேன், அவருக்குக் கொள்ளி வச்ச செலவை நான் பார்த்தேன், அவர் துப்பாக்கி என் பேர்ல இருக்கு. ஒரு மாலை என் கையில இருந்தா மட்டும் வாடிப் போயிடுமா?" என்று தங்கை வீட்டு நடுக்கூடத்திலேயே கேட்டுவிட்டேன். கல்யாணப் பெண் மட்டும், "பெரியம்மா போட்டாத்தான் எனக்கு மாலை" என்றாள். சரி என்று விட்டார்கள். முகூர்த்த நேரத்துக்கு நான் வந்து நிற்காவிட்டால் சம்பந்தியின் ஒன்றுவிட்ட அண்ணன் மாமன் இடத்தில் நிற்பார் என்று ஒரு பேச்சு மட்டும் ஓரமாக இருந்தது. அவர் எனக்கு முன்னால் போய் நின்றால், இந்தக் குடும்பத்தில் இனிமேல் எந்த நல்லதுக்கும் என்னை முன்னால் கூப்பிட மாட்டார்கள். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

காலையில் சீர்வரிசை ஏற்ற சின்ன யானை என்கிற குட்டி லாரி வந்தது. தட்டுகளை அடுக்கும் பொறுப்பு அத்தையுடையது, அப்பாவின் தங்கை. அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நான் துப்பாக்கியைக் குழல் காலியா என்று பார்த்து, நானே தைத்த அரக்குக் கலர் வெல்வெட் உறையில் போட்டு வாயைக் கட்டி, கூடத்துக் கட்டிலில் வைத்துவிட்டுப் புடவை கட்டப் போனேன். தோட்டாவும் லைசென்ஸும் கைப்பையில். திரும்பி வந்தால் கட்டில் காலி.

"அத்தை, இங்க நீளமா ஒண்ணு உறையில இருந்துச்சே?"

"பத்திரமா வண்டியில வச்சுட்டேன்டி. அது எப்படி மறக்கும்? நீ மாலையை எடுத்துக்கிட்டு ஏறு, நேரமாவுது."

எனக்கும் நிம்மதி, அவருக்கும் நிம்மதி. மாமன் மாலையை மடியில் வைத்துக்கொண்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரோஜாவும் சம்பங்கியுமாக நல்ல கனம்.

ஊரைத் தாண்டி வாய்க்கால் பாலத்தருகே பறக்கும் படை நின்றது. தேர்தல் சமயத்தில் பணம், பரிசுப்பொருள் போகிறதா என்று ஒவ்வொரு வண்டியாக மறித்துப் பார்ப்பார்கள், வீடியோவும் எடுப்பார்கள். ஒரு எஸ்.ஐ., ரெண்டு போலீஸ்காரர்கள், கேமராவோடு ஒருத்தர். புடவையும் பாத்திரமுமாக வண்டி நிறைய இருந்தால் விடுவார்களா?

"சீர்வரிசைங்க சார். இதோ பத்திரிகை" என்றேன். எஸ்.ஐ. நல்ல மனுஷராகத்தான் பட்டார். பத்திரிகையைப் படித்துப் பார்த்தார், ஒவ்வொரு தட்டாகத் துணியை விலக்கிப் பார்த்தார். அத்தை பின்னால் உட்கார்ந்தபடியே, கோயிலில் சாமிக்கு அலங்காரம் விளக்குவது மாதிரி ஒவ்வொன்றையும் சொல்லிக்கொண்டு வந்தார். பழம், கற்கண்டு, பட்டு, சந்தனக் கும்பா.

கடைசியில் பெரிய தாம்பாளம். வாழையிலை விரித்து, வெற்றிலை பாக்கு வைத்து, அதன்மேல் அரக்குக் கலர் உறை. உறைமேல் சந்தனம், குங்குமம், சுற்றிலும் மல்லிகைச் சரம்.

"இது என்னம்மா?"

"குத்துவிளக்குங்க. நாச்சியார்கோயில் விளக்கு" என்றார் அத்தை, ஏதோ தானே வார்த்த மாதிரி. "தட்டு இரட்டைப்படையில நின்னுச்சு. இதைச் சேர்த்ததும் ஒத்தைப்படை ஆயிடுச்சு."

நான் இறங்கிப் பின்னால் ஓடுவதற்குள் எஸ்.ஐ. உறையின் கயிற்றை அவிழ்த்துவிட்டார். ரெண்டு குழலும் வெளியே எட்டிப் பார்த்தன. கேமராக்காரர் ஒரு அடி பின்னால் போனார், ஆனால் கேமராவை இறக்கவில்லை.

"அடிப் பாவி!" என்றார் அத்தை, என்னைப் பார்த்து. "விளக்கு எங்கடி?"

"விளக்கு நேத்தே மண்டபத்துக்குப் போயிடுச்சு அத்தை!"

எஸ்.ஐ.யின் முகம் மாறிவிட்டது. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொன்னார். "யாரோடது இது?"

"என்னோடது."

"லைசென்ஸ் யார் பேர்ல? வீட்டுக்காரர் பேர்லயா?"

"என் பேர்ல" என்று கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். போட்டோவைப் பார்த்தார், பட்டுப்புடவையில் கையில் மாலையோடு நின்ற என்னைப் பார்த்தார், மறுபடி போட்டோவைப் பார்த்தார்.

"கல்யாணத்துக்குத் துப்பாக்கி கொண்டு போகக் கூடாதுன்னு தெரியுமா?"

"நல்லாத் தெரியும் சார். நான் ஸ்டேஷன்ல ஒப்படைக்கத்தான் கொண்டு போறேன். இன்னைக்குக் கடைசி நாள். போன் பண்ணிக் கேளுங்க."

"பூ வச்சு, பொட்டு வச்சு, வெத்தலை பாக்கோடயா ஸ்டேஷனுக்குக் கொண்டு போவீங்க?"

பின்னால் நின்ற போலீஸ்காரர் சிரிப்பை அடக்க முடியாமல் வாய்க்காலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நான் தலை குனியவில்லை. தப்பு ஒன்றும் செய்யவில்லை, எதற்குக் குனிய வேண்டும்? குழலைத் திறந்து பாருங்கள், காலி. தோட்டா என் பையில் இருக்கிறது. உறை போட்டிருக்கிறது, வாய் கட்டியிருக்கிறது. மல்லிகை சுற்றக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. இதைத்தான் அவரிடம் சொன்னேன், இன்னும் கொஞ்சம் மரியாதையாக. ஸ்டேஷனுக்குப் போன் போட்டார். ஆமாம், அந்த அம்மா இன்றைக்கு வர வேண்டியவர்தான் என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

"சரி, நம்பரை மட்டும் பார்த்துக்கறேன்" என்று துப்பாக்கியைக் கையில் எடுத்தார்.

அங்கேதான் அடுத்த வில்லங்கம். லைசென்ஸில் எழுதியிருக்கும் நம்பர் துப்பாக்கியிலும் பொறித்திருக்கும், விசைக்குப் பக்கத்து இரும்பில். எங்கள் துப்பாக்கியில் அந்த இடம் முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. காரணம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் ஆயுத பூஜை என்றால் அரிவாள், மண்வெட்டி, துப்பாக்கி எல்லாம் வரிசையாகப் பொட்டு வைத்துக்கொள்ளும். அம்மா இருந்த வரைக்கும், அதற்கு முதல் நாள் அவர் எல்லாவற்றையும் கிணற்றடிக்குக் கொண்டுபோய்ப் புளி போட்டுத் தேய்ப்பார். குத்துவிளக்குக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை துப்பாக்கிக்கும். துரு ஏறும் என்று அப்பா தலையில் அடித்துக்கொள்வார், அம்மா காதிலேயே வாங்க மாட்டார். வருஷா வருஷம் தேய்த்துத் தேய்த்து நம்பர் புளியோடு போய்விட்டது. ஸ்டேஷனில் இத்தனை வருஷமும் லைசென்ஸைப் பார்த்தே எழுதிக்கொண்டார்கள், யாரும் கேட்டதில்லை.

"நம்பர் இல்லியேம்மா" என்றார் எஸ்.ஐ. குரல் இறங்கிவிட்டது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நம்பரை அழிக்கிறது தனிக் குற்றம் தெரியுமா? இது அந்தத் துப்பாக்கிதான்னு நான் எப்படி நம்பறது? எழுதி மேல அனுப்பணும். நீங்க இருக்கணும்."

வயிற்றில் புளியைக் கரைத்தது என்பார்களே, எனக்கு அன்றைக்கு நிஜமாகவே புளியால்தான் கரைத்தது. அதே நேரத்துக்குத் தங்கை போன். "எங்கக்கா இருக்கே? சம்பந்தி வீட்டு அண்ணன் இப்பவே வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு மணைகிட்ட நிக்கறாரு. கடையில ஒரு மாலையும் வாங்கிட்டு வந்துட்டாங்க." அழுதாளா, கத்தினாளா தெரியவில்லை. "வந்துட்டே இருக்கேன்" என்று வைத்துவிட்டேன். ஒரு நிமிஷம் கண்ணெல்லாம் சூடாகிவிட்டது. அழுகை வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும், கோபம் வந்தால்தான் புத்தி வேலை செய்யும்.

"சார், எங்கம்மா புளி போட்டுத் தேய்ச்சது வெளியிலதான். உள்ளே தேய்க்கலை" என்றேன். "குழலுக்கு அடியில இருக்கிற முன்கட்டையைக் கழட்டுங்க. குழலை எடுத்து அடியில பாருங்க. அங்கேயும் நம்பர் இருக்கும். மாசா மாசம் எண்ணெய் போடறவ நான், எனக்குத் தெரியும்."

"நீங்க தொடாதீங்க."

"நான் தொடலை. நீங்களே கழட்டுங்க. அவரு வீடியோ எடுக்கட்டும்."

அவருக்கும் வேலை தெரிந்திருந்தது. வண்டியின் பின்பலகையில் ஒரு துண்டை விரித்து, முன்கட்டையை இழுத்து எடுத்தார், குழலை மடக்கிப் பிரித்தார், கவிழ்த்தார். கைக்குட்டையால் எண்ணெயைத் துடைத்ததும் எழுத்து எழுத்தாக நம்பர் தெரிந்தது. அவர் வாய்விட்டு ஒவ்வொரு எண்ணாகப் படித்தார், நான் லைசென்ஸைப் பார்க்காமலே கூடச் சொன்னேன். கேமராக்காரர் குனிந்து கிட்டத்தில் எடுத்தார். கடைசி எண்ணும் ஒத்துப்போனபோது அத்தை வண்டியிலிருந்து, "அப்பாடா, முருகா!" என்றார்.

எஸ்.ஐ. மூச்சு விட்டார். "வெளி நம்பர் அழிஞ்சிருக்குன்னு ஒரு மனு எழுதிக் குடுத்துடுங்க, திரும்பப் பொறிச்சுக் குடுப்பாங்க. இனிமே புளி வேண்டாம்."

"விபூதி மட்டும்தான் சார்."

ஆனாலும் துப்பாக்கி ஏறின வண்டியைக் கல்யாணத்துக்கு விட மாட்டேன் என்றார். அதுவும் நியாயம்தான். ஜீப் ஸ்டேஷன் பக்கம் போகிறது, துப்பாக்கியோடு நீங்கள் அதில் வாருங்கள், சீர் மட்டும் முன்னால் போகட்டும் என்றார். அத்தை கையை நீட்டினார். "மாலையை என்கிட்ட குடுடி. நான் கொண்டு போய்ச் சேர்க்கறேன். மாலையாவது நேரத்துக்குப் போகட்டும்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் மாலை மட்டும் போனால் அதைப் போட அங்கே ஒரு கை தயாராக நிற்கிறதே! "மாலை என்கூடத்தான் வரும்" என்றேன். ஒரு தோளில் மாலையும் மடியில் துப்பாக்கியுமாக போலீஸ் ஜீப்பில் ஏறினேன். வழியில் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. எதிரே சைக்கிளில் வந்த எங்கள் ஊர்க்காரர் ஒருத்தர் இறங்கியே நின்றுவிட்டார்.

ஸ்டேஷனில் ரைட்டர் குழலின் அடியைப் பார்த்து நம்பர் எழுதிக்கொண்டு ரசீது கொடுத்தார். மனு எழுத உட்கார்ந்தால், "நாளைக்கு வந்து எழுதிக்கலாம்மா, மாலை வாடுது, போங்க" என்று விரட்டினார். வெளியே வந்ததும் மாயவரம் டவுன் பஸ் வந்தது. பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ். நிற்கக் கூட இடமில்லாத கூட்டம், ஆனால் மாலையைப் பார்த்ததும் ஒரு அம்மா எழுந்து இடம் கொடுத்தாள். "மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா?" என்று கேட்டாள். "பொண்ணுக்குத் தாய்மாமன்" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கண்டக்டரிடம், "மண்டபத்து வாசல்லயே நிறுத்துய்யா, அங்க முகூர்த்தம் தப்பிடப் போவுது" என்று அதட்டினாள். அவர் நிறுத்தினார்.

மண்டபத்துக்குள் மேளம் ஒலித்துக்கொண்டிருந்தது, ஆனால் மேடையில் ஏதோ நின்று போயிருந்தது. சம்பந்தியின் அண்ணன் மணைக்குப் பக்கத்தில் கடை மாலையை ரெண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றார். அவருக்கு எதிரே தங்கை மகள். தலையை நிமிர்த்தி, கழுத்தைக் கொஞ்சம் கூட வளைக்காமல் நின்றாள். பொறுமை போய்விட்ட முகத்தோடு யாரோ, "குனியும்மா, நேரமாவுது" என்றார்கள். அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை நேரமாக அப்படி நிற்கிறாள் என்பது தங்கை முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடை ஏறினேன். புடவை கசங்கி, கையில் எண்ணெய்க் கறையோடு. ஐயர் நிமிர்ந்து பார்த்தார்.

"தாய்மாமன் யாரு?"

"நான்தான்" என்றேன்.

காலையில் எஸ்.ஐ. பார்த்த அதே பார்வையை அவரும் பார்த்தார். அந்த அண்ணன் நகர்ந்து வழிவிட்டார். நான் மாலையைத் தூக்கியதும் என் பெண் குனிந்தாள். அவள் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"பெரியம்மா, உங்க கையில என்ன வாசனை?"

"துப்பாக்கி எண்ணெய்டி. பேசாம குனி."

அவள் இன்னும் நன்றாகக் குனிந்தாள்.